மிளகு ஜங்ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர்

மிளகின் அண்ணனுக்குப் போனில் பேசவே வராது.

"சாப்பிட்டியா?" என்பான்.

"ம்."

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"போகுது."

"சரி, அம்மாகிட்ட குடு."

அவ்வளவுதான். வீட்டில் இருந்தவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், வேறு ஊரில் கல்லூரி விடுதிக்குப் போனதும் இப்படி ஆகிவிட்டான். மிளகும் பேச்சில் லேசுப்பட்டவள் இல்லை. ஆள் பொடிசாக இருந்தாலும் காரம் அதிகம் என்று அண்ணன்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தான். அப்பேர்ப்பட்ட மிளகுக்கே, போனைக் காதில் வைத்தால் ஒரு வார்த்தைக்கு மேல் வருவதில்லை.

சனிக்கிழமை மாலை மட்டும் கதையே வேறு. அன்றைக்கு இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ரயில் விளையாடுவார்கள். அவன் விடுதியில் இருப்பான், அவள் வீட்டில் இருப்பாள். ஆனால் திரையில் இருவருக்கும் ஒரே ஊர். தண்டவாளம் போடுவார்கள், பாலம் கட்டுவார்கள், சிக்னல் நடுவார்கள், ரயில் விடுவார்கள். முதலில் கட்டிய ஸ்டேஷனுக்கு அண்ணன் வைத்த பெயர், மிளகு ஜங்ஷன்.

கை வேலையில் இருந்தால் அண்ணனின் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"நேத்து சார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்னு பதில் சொன்னேன், மிளகு. பாதி சொன்ன பிறகுதான் தெரிஞ்சது, அது முந்தின கேள்விக்கான பதில்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சார்தான் முதல்ல ஆரம்பிச்சாரு. அந்தத் தண்டவாளத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு."

மிளகு விளையாடியது அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில். ஊர் சின்னதாக இருந்தவரை அது சமாளித்தது. ஸ்டேஷன்கள் கூடி, ரயில்கள் பெருகியதும் மூச்சு வாங்கத் தொடங்கியது. மலையும் மரமும் ஆறும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ரயில்கள் மட்டும் திக்கித் திணறி, ஒரு அடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தன.

ஒரு சனிக்கிழமை, புதுப் பாலம் பாதி கட்டியிருந்த நேரம். அண்ணன் திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிளகு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா அப்பாகிட்ட சொல்லாத. இங்க எனக்கு..." என்றான்.

திரை கறுத்துவிட்டது. லேப்டாப்பின் அடியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அதன்பின் அது கண் திறக்கவே இல்லை.

மறுநாள் போனில் கேட்டாள். "நேத்து என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

மிளகுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் சொல்ல வந்தது என்ன? காய்ச்சலா? யாராவது திட்டிவிட்டார்களா? போனில் எத்தனை முறை கேட்டாலும் ஒண்ணுமில்லைதான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். பாலம் கட்டிக்கொண்டிருந்தால்தான் அந்த வாய் திறக்கும்.

நல்லவேளையாக, புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று வீட்டில் முன்பே பேச்சு இருந்தது. அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஜன்னல் திரைகளும் பள்ளிச் சீருடைகளும் தைப்பார். அப்பா பஸ் ஓட்டுநர். இருவரும் கலந்து பேசி, இதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்தார்கள். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும், மேலே கேட்கக் கூடாது என்று பேச்சு.

அண்ணனுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அப்பாவிடம் போனில் சொன்னான். "என்னோட பழைய கேபினெட் கட்டிலுக்கு அடியில இருக்கு. அதையே வெச்சுக்கலாம். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மிளகே பார்த்து எடுக்கட்டும், அவளோட முதல் கம்ப்யூட்டர். மதர்போர்டு, மானிட்டர் மாதிரி மத்ததைக் கடையிலயே கேட்டு வாங்கிக்கங்க. கார்டோட நீளம் மட்டும் பார்த்துக்கங்க, பெருசா இருந்தா உள்ள போகாது. பரீட்சை சனிக்கிழமை காலையில முடியுது. சாயந்திரம் நான் வீடியோவுல வந்து சொல்றேன், மிளகு மாட்டட்டும்."

கேபினெட் என்பது கம்ப்யூட்டரின் பாகங்களையெல்லாம் உள்ளே வைத்து மூடும் இரும்புப் பெட்டி. அப்பா அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, பஸ் கண்ணாடியைத் துடைப்பதுபோல் மூலை முடுக்கெல்லாம் துடைத்து வைத்தார்.

*

மிளகின் வகுப்பில் ஒருவன் இருந்தான். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். கேட்காவிட்டாலும் சொல்வான். அதனால் அவனை எல்லோரும் புரொபசர் என்றே கூப்பிட்டார்கள்.

"கேமிங் கம்ப்யூட்டரா?" புரொபசர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "அப்போ நீ ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு கிராபிக்ஸ் கார்டு. அதான் ஓவியர். நீ திரையில பாக்குற எல்லாத்தையும் வரையுறது அதுதான். இன்னொண்ணு ப்ராசஸர்."

"அது என்ன பண்ணும்?"

"அது மேனேஜர் மாதிரி. யார் எங்க போகணும், எப்ப நிக்கணும், அடுத்தது என்ன, எல்லாம் முடிவு பண்ணும். ஆனா மேனேஜரை யாரு பாக்குறா? ஓவியர்தான் முக்கியம். காசு முழுக்க கார்டுல போடு. ப்ராசஸர் இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ."

பிறகு மூன்று மின்விசிறிகள் வைத்த ஒரு கார்டைப் பற்றிச் சொன்னான். அதன் விளிம்பில் ஏழு நிறத்திலும் விளக்கு எரியுமாம். அதைச் சொல்லும்போதே அவன் கண்ணும் எரிந்தது. சுற்றி நின்ற நாலைந்து பேர் வாய் பிளந்து கேட்டார்கள்.

"சரி, நீ என்ன விளையாடப் போற?" என்று கேட்டான் புரொபசர்.

"ரயில்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ரயில் ஓட்டவா கேமிங் கம்ப்யூட்டர்? அது குழந்தைங்க விளையாட்டு!"

மிளகுக்குக் காது சுட்டது. "சும்மா சொன்னேன்" என்றாள். "கார் ரேஸ்தான்."

அன்று முழுக்க அவளுக்கு அந்த ஏழு நிற விளக்குதான் நினைப்பு. வகுப்பே வந்து பார்க்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். வேண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும், "அப்பா, மூணு ஃபேன் வெச்ச கார்டு வாங்கலாமா? பன்னிரண்டரை இஞ்ச் நீளமாம். நம்ம பெட்டியில போகுமா?" என்று கேட்டாள்.

அம்மா தைத்த திரைகளைக் கொடுக்க வெளியே போயிருந்தார். அப்பா தையல் மெஷின் மேல் சுருண்டு கிடந்த அம்மாவின் டேப்பை எடுத்தார். பெட்டிக்குள் தலையை விட்டு, டேப்பை ஒரு பக்கச் சுவரில் அழுத்திப் பிடித்து, மறுபக்கம்வரை இழுத்துப் பார்த்தார்.

"பதிமூணு! அரை இஞ்ச் மிச்சமே இருக்கு."

"சரியா பாத்தீங்களாப்பா?"

"என்ன பேச்சு பேசுற? இம்மாம் பெரிய பஸ்ஸை ரெண்டு லாரிக்கு நடுவுல சொருகி நிறுத்துறவன் நான். ஒரு பெட்டியை அளக்கத் தெரியாதா எனக்கு?"

*

கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் அப்பாவின் குரல் பாதியாகிவிட்டது. பஸ்ஸில் கடைசி இருக்கைவரை கேட்கும் குரல் அது. இங்கே சுவர் முழுக்கப் பெட்டிகள், பெட்டிகள் முழுக்க எண்கள். கடைக்கார அக்கா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் மகள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன விளையாடுவீங்க?" என்று அக்கா மிளகிடம் கேட்டாள்.

ரயில் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் மிளகைவிடப் பெரிய பையன்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"கார் ரேஸ்" என்றாள் மிளகு.

"அப்போ நல்ல கார்டா பார்க்கணும். இந்தத் தொகைக்கு மூணு ஃபேன் கார்டு எடுத்தா, ப்ராசஸர் சின்னதாதான் வரும். பரவாயில்லையா? கார்டு நீளம் வேற. உங்க கேபினெட்ல போகுமா?"

அதுவரை பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அப்பா, நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்தார். "போகும்மா. பதிமூணு இஞ்ச் இருக்கு. நானே அளந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்பா தன் பஸ் குரலில் சொன்னார்.

"அப்போ கவலை இல்ல சார்" என்றாள் அக்கா. பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. சீல் பிரிக்காம கொண்டு வந்தா மாத்திக்கலாம். பிரிச்சுட்டா மாத்த முடியாது" என்றாள்.

வழியெல்லாம் அப்பா அந்தப் பையை மிளகிடம் கொடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டபோது நிறுத்தி வைத்துச் சொன்னார். "பொண்ணுக்குக் கம்ப்யூட்டர். எல்லாத்தையும் அவதான் பார்த்து எடுத்தா. ஆனா அளவு என்னோடது!"

*

வெள்ளிக்கிழமை மாலை. பெட்டிகள் மேஜைமேல் சீல் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. மிளகு அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன தடவிக்கிட்டு இருக்க? வந்து இந்தத் துணியோட நுனியைப் பிடி" என்று அம்மா கூப்பிட்டார்.

மிளகு பிடித்தாள். அம்மா டேப்பை விரித்து அளந்தார். டேப்பில் நாற்பது என்று இருந்தது. "முப்பத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே அம்மா சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

"நாற்பதும்மா. கண்ணாடி போட்டுக்கோ."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. டேப்போட தலைப்பைப் பாரு. முதல் ரெண்டு இஞ்ச் நைஞ்சு போச்சுன்னு நான்தான் வெட்டிட்டேன். அது ரெண்டுலதான் ஆரம்பிக்குது. எதை அளந்தாலும் ரெண்டைக் கழிச்சுக்கணும். எனக்குக் கை பழகிடுச்சு."

மிளகு தலைப்பைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்று என்ற எண்ணே அந்த டேப்பில் இல்லை.

பிடித்திருந்த துணி கையிலிருந்து நழுவியது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். அண்ணன் சொல்லும் அதே ஒண்ணுமில்ல. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் அளந்தாள். அடையாளம் வைத்து, நகர்த்தி, மறுபடி அளந்தாள். பதினோரு இஞ்ச். பன்னிரண்டரை இஞ்ச் கார்டு அதற்குள் எந்த ஜென்மத்திலும் போகாது.

வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. பணி முடிந்து வந்தவர், கூடவே வந்த இன்னொரு ஓட்டுநரிடம், "நாளைக்குத்தான் மாட்டறோம். அளவெல்லாம் எடுத்தாச்சு, நானே எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மிளகு பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லத்தான் வேண்டும். சீல் பிரிக்கவில்லை, மாற்றிவிடலாம். "அப்பா, நீங்க தப்பா அளந்துட்டீங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஆனால் கடையில் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அப்பா கண்ணுக்குள் வந்தார். அவ்வளவு பெரிய கடையில் அவருக்குச் சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் தப்பு என்று எப்படிச் சொல்வது?

வேறு வழி யோசித்தாள். கார்டை மாற்றினால் எதற்கு மாற்றுவது? மேஜைமேல் இருந்த பெரிய பெட்டியைப் பார்த்தாள். அதில் மூன்று மின்விசிறிகள், ஏழு நிறங்கள். பக்கத்திலேயே ப்ராசஸரின் சின்னப் பெட்டி. ஓவியர் இவ்வளவு பெரிசு, மேனேஜர் இத்தனூண்டு.

நம் லேப்டாப்பில் என்னதான் கோளாறு இருந்தது என்று யோசித்தாள். மலை நன்றாகத்தான் தெரிந்தது. ஆறும் மரமும் தெரிந்தன. வரைந்ததில் எந்தக் குறையும் இல்லை. ரயில்கள்தான் நகரவில்லை. ஒவ்வொரு ரயிலும் எந்தப் பாதையில் போக வேண்டும், எந்த சிக்னலில் நிற்க வேண்டும் என்று யார் சொல்வது?

மேனேஜர்.

மிளகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தங்கள் ஊரில் ஓவியருக்கு வேலை கொஞ்சம்தான். மேனேஜருக்குத்தான் மூச்சு விட நேரமில்லை. அப்படியானால், இந்தப் பெரிய கார்டு பெட்டிக்குள் போனால்கூட ரயில்கள் மறுபடி திக்கத்தான் செய்யும். பளபளவென்று நிற்கும், அவ்வளவுதான். அண்ணனின் பேச்சும் பாதியில் நின்றுபோகும்.

இதெல்லாம் ஏன் நடந்தது? கடையில் அக்கா கேட்ட கேள்விக்கு அவள் ரயில் என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அப்பா இரண்டு இஞ்ச்தான் தவறவிட்டார். அவள் விளையாட்டையே மாற்றிச் சொல்லிவிட்டாள்.

அப்பா உள்ளே வந்தார். "என்ன மிளகு, பெட்டிக்குக் காவலா?"

"அப்பா, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன். சொல்லு."

"கடையில அக்கா என்ன விளையாடுவீங்கன்னு கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். நான் கார் ரேஸ் விளையாட மாட்டேன். அண்ணனோட ரயில்தான் விளையாடுவேன். ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்க, அதான். ரயிலுக்கு இந்தப் பெரிய கார்டு வேணாம்ப்பா. சின்னக் கார்டு போதும், ப்ராசஸர்தான் பெருசா வேணும். மாத்தித் தருவீங்களா?"

அப்பா கார்டுப் பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இந்தக் கலர் லைட்டு?"

மிளகு எச்சில் விழுங்கினாள். ஆசை இன்னும் முழுக்கப் போகவில்லை. "வேணாம்."

"அழ மாட்டியே அப்புறம்?"

"கொஞ்சம் அழுவேன். ஆனா மாத்திடலாம்."

அப்பா சிரித்துவிட்டார்.

*

சனிக்கிழமை காலை கடையில் மிளகு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்கும் பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, நான் ரயில் விளையாடுவேன். எங்க ஊர்ல நிறைய ரயில் ஓடும். இன்னும் நிறைய விடப் போறோம்."

அக்கா சிரிக்கவில்லை. "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அதுக்கு ப்ராசஸர் நல்லா இருக்கணும். கார்டு சுமாரா இருந்தா போதும்" என்று பெட்டிகளை வாங்கிச் சீலைச் சரிபார்த்தாள். பெரிய கார்டு அலமாரிக்குத் திரும்பிப் போனது. இரண்டு மின்விசிறி வைத்த குட்டிக் கார்டு ஒன்று வந்தது. நீளம் ஒன்பது இஞ்ச் என்று பெட்டிமேல் போட்டிருந்ததை மிளகு இரண்டு முறை படித்துக்கொண்டாள். அதில் விளக்கு எதுவும் இல்லை. மிச்சத் தொகைக்கெல்லாம் நல்ல ப்ராசஸராக வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில், அழைக்காமலே புரொபசர் வந்து நின்றான். "மூணு ஃபேன் கார்டைப் பாக்க வந்தேன்."

"மாத்திட்டோம்" என்றாள் மிளகு. காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். ரயில் என்றதும் அவன் சிரித்தான். மேனேஜர் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான் மெதுவாக. "எனக்கு இது தோணவே இல்ல."

"உங்க வீட்ல எந்தக் கார்டு இருக்கு?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. "எங்க வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் வீடியோவுல பாத்ததுதான்."

மிளகு ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு ப்ராசஸர் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "இதை நீ வை. எனக்குக் கை நடுங்கும்."

நடுங்கியது அவன் கைதான். ப்ராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருந்தது. பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டிலும் ஒரு முக்கோணம் இருந்தது. இரண்டையும் நேராக வைத்து, அழுத்தாமல் மெல்லக் கையை விட வேண்டும். போன் திரையில் அண்ணன் மூக்கை நீட்டிக்கொண்டு, "அப்படித்தான், அப்படித்தான்" என்றான். அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. புரொபசர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

கார்டு மாட்டும் நேரம் வந்ததும் அப்பா டேப்போடு வந்துவிட்டார். "இருங்க, இருங்க. எதுக்கும் ஒரு தடவை அளந்துடலாம்."

"வேணாம்ப்பா, சின்னதுதானே" என்று மிளகு சொல்வதற்குள் கார்டை அளந்துவிட்டார்.

"பதினொண்ணு வருது. பெட்டிமேல ஒன்பதுன்னு போட்டிருக்கானே? ஏமாத்தறானா?"

உள்ளறையில் அம்மாவின் தையல் மெஷின் மட்டும் கடகடத்தது. அப்பா டேப்பைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தார். கட்டை விரலால் அதைத் தடவினார். உதடுகள் அசைந்தன, கணக்குப் போடுகிறார் என்று மிளகுக்குத் தெரிந்தது. அவள் குனிந்து ஒரு திருகாணியைத் தேடத் தொடங்கினாள். அது அவள் கையில்தான் இருந்தது.

"மிளகு."

"ம்."

"அந்தப் பெரிய கார்டு இதுக்குள்ள போயிருக்குமா?"

மிளகு நிமிர்ந்தாள். "போயிருக்காதுப்பா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயந்திரம். ஆனா நான் சொன்னதும் நெஜம்தான்ப்பா. அது போயிருந்தாலும் மாத்தியிருக்கணும்."

அப்பா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அப்புறம் அவள் தலையில் கையை வைத்து ஒரு முறை அழுத்தினார். உள்ளறையைப் பார்த்து, தன் முழு பஸ் குரலில் கூப்பிட்டார். "ஏம்மா! டேப்பை வெட்டினா வீட்ல நாலு பேருக்குச் சொல்ல மாட்டியா? என் மானமே போகப் பாத்துச்சு!"

"உங்களை யாரு என் டேப்பைத் தொடச் சொன்னது?" என்று மெஷினுக்கு மேலாகப் பதில் வந்தது.

போனில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்துவிட்டார். குட்டிக் கார்டு எங்கும் இடிக்காமல் உள்ளே போய் அமர்ந்தது.

*

திரை வெளிச்சமானதும், அண்ணனின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்த மிளகு ஜங்ஷன் அப்படியே வந்து நின்றது. பாலம் பாதியில் நின்றிருந்தது. எல்லா ரயில்களும் ஒரே சமயத்தில் புறப்பட்டன. ஒன்றுகூடத் திக்கவில்லை.

புரொபசர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "இங்க நாலாவது பிளாட்பாரம் போட்டா நெரிசல் குறையும். நான் போடட்டுமா?"

"போடு" என்று மிளகு விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மௌஸ் மட்டும் அவளிடம். பாலத்துக்கு அடுத்த தூணை வைத்தாள். மறுமுனையில் அண்ணன் இன்னொரு தூணை வைத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தூணுக்குப் பின் தூணாக வைத்துக்கொண்டே போனாள்.

ஆற்றின் நடுவே வந்தபோது அண்ணனின் குரல் தாழ்ந்தது.

"மிளகு, அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தேனே."

"சொல்லு."

"இங்க எனக்கு இன்னும் ஒரு நண்பன்கூட கிடைக்கல. எல்லாரும் ஏதேதோ பேசிக்கிறாங்க. எனக்கு நடுவுல போய்ப் பேச வரல. அறையில இன்னொருத்தன் இருக்கான், அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன்."

வாய் ஓயாத அண்ணனா? அடுத்த தூணை வைக்க மறந்துபோனாள். பிறகு வைத்தாள்.

"அவனை ரயில் விளையாடக் கூப்பிடேன்."

"ஐயையோ. ரயில்னா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். என் கூடப் படிக்கிறவனும் சிரிச்சான். இப்போ இங்க உட்கார்ந்து நாலாவது பிளாட்பாரம் கட்டிக்கிட்டு இருக்கான்."

மிளகு இரண்டு தூண்கள் வைத்து முடித்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்றான் அண்ணன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தூரத்தில் அண்ணன் யாரிடமோ என்னவோ தயங்கித் தயங்கிச் சொல்வது கேட்டது. அதன்பின் இன்னொரு நாற்காலி நகர்ந்தது. மிளகுக்குத் தெரியாத ஒரு குரல், காதுக்கு மிக அருகில் கேட்டது.

"இது என்ன, ரயிலா? எங்க, தள்ளு பாக்கலாம்."

மிளகு பாலத்தின் கடைசித் துண்டைப் பொருத்தினாள். பிறகு ஆற்றின் அந்தப் பக்கம் போய், புது ஸ்டேஷனுக்கு இடம் பார்க்கத் தொடங்கினாள்.